சாம்பல் போன பாதை: ஒரு கேக் ட்ரேயின் கறைக்குப் பின்னால் உள்ள வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பெருநாள் முடிந்த மறுநாள் நம் ஊரில் எந்தக் குசினிக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். கழுவும் தொட்டிக்குள் கேக் ட்ரேக்கள் அடுக்காகக் கிடக்கும். நடுப்பகுதி ஒரு தேய்ப்பில் வெளுத்துவிடும். மூலைகளும் விளிம்பும்தான் பிரச்சினை. பட்டரும் சீனியும் கருகிப் பிடித்த அந்தக் கபில நிறக் கறை நகத்தால் சுரண்டினாலும் போகாது. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு படை கூடிக் கூடிக் கடைசியில் கன்னங்கறுப்பாகிவிடும்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்றுக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் இன்று நம் ஊரில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். 2022 இல் விலைவாசி ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, ஒரு நல்ல ட்ரேயை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது அவர்களுக்கு இலேசான காரியமல்ல. எறிய மனமில்லாமல் சிலர், வடிகான் அடைப்பு எடுக்க ஹார்ட்வெயார் கடையில் விற்கும் கோஸ்டிக் சோடாவை வாங்கி வந்து ஊற்றுகிறார்கள். இன்னும் சிலர் போனில் பார்த்த காணொளியை நம்பி, அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் வினாகிரியை ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். முதல் வழியில் ட்ரேயும் போகலாம், கையும் போகலாம். இரண்டாவது வழியில் அப்பச்சோடாவும் வினாகிரியும் போகும். கறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். விஞ்ஞான ஆசிரியர்களின் எல்லைக்குள் நுழைகிறேன் என்று கோபிக்க வேண்டாம். ஏனென்றால் இந்தக் கறைக்கான பதில் வரலாற்றுக்குள்தான் கிடக்கிறது. நம் உம்மம்மாமாருக்கும் மூத்தம்மாமாருக்கும் பதில் தெரிந்திருந்தது. அவர்களிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. அடுப்புச் சாம்பல் ஒன்று, புளி மற்றது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல். செம்பும் பித்தளையும் மங்கினால் பழப்புளி, தேசிக்காய் அல்லது கொறுக்காய். எதற்கு எது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

பின்னர் உலகத்தின் தொழிற்சாலைகள் அந்தச் சாம்பலை எடுத்துச் சுத்திகரித்துப் பைக்கற்றில் போட்டு நமக்கே விற்றன. பொருள் கைக்கு வந்தது. எதற்கு எது என்ற அறிவுதான் வழியில் எங்கோ நழுவிவிட்டது. அந்தப் பாதையைத்தான் இன்று கொஞ்சம் பின்னோக்கி நடந்து பார்க்கப் போகிறோம்.

முதலில், கறை என்றால் என்ன?

சாதாரண எண்ணெய் சவர்க்கார நீரில் போய்விடும். ஆனால் எண்ணெய் மெல்லிய படையாக உலோகத்தின்மேல் பரவி, ஓவனின் சூட்டில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது வேறொரு பொருளாக மாறுகிறது. அதன் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய வலையாகி இறுகிவிடுகின்றன. கதவுக்குப் பூசும் வார்னிஷ் காய்ந்து இறுகுவதும் இதே வகை வேலைதான். ஆகவே உங்கள் ட்ரேயின் மூலையில் இருப்பது அழுக்கல்ல, ஒருவகை வார்னிஷ். அதன்மேல் கருகிய சீனியும் மாவும் சேர்ந்தால் நிறம் இன்னும் கறுக்கும்.

இந்த வார்னிஷைக் கழற்ற முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தேய்த்துச் சுரண்டுவது. மற்றது, காரம் ஊற்றி அந்த வலையை அறுப்பது. காரம் கொழுப்போடு சேர்ந்தால் கொழுப்பு உடைந்து சவர்க்காரமாகிறது. ட்ரேயில் ஒட்டியிருந்த எண்ணெயே தன்னைக் கழுவும் சவர்க்காரமாகிவிடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் கண்களை அகல விரிப்பார்கள். இதை முறையாக ஆராய்ந்து விளக்கியவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரல். கொழுப்புகள் பற்றிய அவரது நூல் 1823 இல் வெளிவந்தது. ஆனால் அவர் பிறப்பதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே சாம்பல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று என்ற காரம் இருக்கிறது. தென்னம் பொச்சைச் சுட்ட சாம்பலில் பொற்றாசியம் இன்னும் அதிகம். அதனால்தான் அதைப் பயிருக்கு உரமாகவும் இடுவார்கள். அந்தச் சாம்பலைத் தொட்டு, பொச்சுத் தும்பாலேயே சட்டியைத் தேய்த்தபோது காரமும் உரசலும் ஒரே கைவீச்சில் கிடைத்தன. செலவு ஒரு சதமும் இல்லை.

வாணலிக்குள் பிறந்த ஒரு சொல்

ஆங்கிலத்தில் காரத்தை அல்கலி என்பார்கள். அது அரபுச் சொல். அல்-கலீ என்றால் உவர் நிலத்துச் செடிகளை எரித்தெடுத்த சாம்பல். அதன் வேர்ச்சொல் கலா, அதாவது வறுத்தல், பொரித்தல். தாச்சிக்குள் வறுக்கும் வேலையிலிருந்து பிறந்த சொல், தாச்சியைக் கழுவும் பொருளுக்கு உலகம் முழுவதும் பெயராகிவிட்டது.

கடலோரத்திலும் பாலைவனத்திலும் வளரும் உப்புச் செடிகளை எரித்தால் வருவது பொற்றாசியம் அல்ல, பெரும்பாலும் சோடியம் காபனேற்று. நாம் சலவைச் சோடா என்று சொல்வதும் அதைத்தான். பலஸ்தீனத்தின் நப்லூஸ் நகரத்துச் சவர்க்காரம் பேர்பெற்றது. ஜோர்தான் நதிக்குக் கிழக்கே பெதூயின் மக்கள் அந்தச் செடிகளைச் சேர்த்து எரித்துச் சாம்பலை ஒட்டகங்களில் கொண்டுவருவார்கள். அதோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் கடுங்காரமாக்கி, ஒலிவ் எண்ணெயோடு பெரிய அண்டாக்களில் நாட்கணக்காகக் காய்ச்சுவார்கள். இந்தக் கடுங்காரத்தைத்தான் இன்று கோஸ்டிக் சோடா என்று ஹார்ட்வெயார் கடையில் விற்கிறார்கள். அன்று அதைக் கையாண்டவை பழகிய கைகள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எகிப்தில் இதே சோடா தரையிலேயே கிடைத்தது. வாதி நத்ரூன் என்ற பள்ளத்தாக்கின் ஏரிகள் வற்றும்போது வெள்ளைப் படிவாக எஞ்சும். நத்ரூன் என்ற பெயரோடு உறவுடையதுதான் சோடியத்தின் லத்தீன் பெயரான நத்ரியம். பொற்றாசியத்தின் லத்தீன் பெயர் கலியம். அது அந்த அல்-கலீயிலிருந்து வந்தது. ஆவர்த்தன அட்டவணையில் சோடியத்துக்கு ஏன் எஸ் என்ற எழுத்து இல்லை, பொற்றாசியத்துக்கு ஏன் பி இல்லாமல் கே இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் விடை. ஒரு எழுத்துக்குள் ஒரு பாலைவனத்தின் சாம்பல் இருக்கிறது.

சோப்பு என்ற சொல்லின் கதையும் கேட்கத்தக்கது. ரோமாபுரியின் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துச் செய்யும் சாபோ பற்றி எழுதியிருக்கிறார். தலைமயிரைச் சிவப்பாக்க அதைப் பயன்படுத்தினார்கள் என்கிறார். அரபியின் சாபூன், போர்த்துக்கேயரின் சபாவோ, அதிலிருந்து சிங்களத்துக்கு வந்த சபன் எல்லாம் அதன் பிள்ளைகள். நம் தமிழ் மட்டும் சவர்க்காரம் என்று சொல்லித் தன் வழியில் நின்றது. அந்தச் சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது.

சாம்பலுக்கு ஒரு ஜனாதிபதியின் கையொப்பம்

ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது கண்டுபிடிப்புக் காப்புரிமை எதற்கு வழங்கப்பட்டது தெரியுமா? துப்பாக்கிக்கோ இயந்திரத்துக்கோ அல்ல, சாம்பலுக்கு. 1790 ஜூலை 31 ஆம் திகதி, மரச்சாம்பலிலிருந்து பொட்டாஷும் அதைச் சுத்திகரித்த முத்துச் சாம்பலும் எடுக்கும் முறைக்காக சாமுவேல் ஹொப்கின்ஸ் என்பவருக்கு அது கிடைத்தது. கையொப்பமிட்டவர் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன். பானையில் வற்றக் காய்ச்சிய சாம்பல் என்பதால்தான் ஆங்கிலத்தில் பொட்டாஷ் என்ற பெயர். கண்ணாடி, சவர்க்காரம், துணி வெளுப்பு எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. அதற்காகக் காடுகள் எரிந்தன.

அந்த முத்துச் சாம்பல் கேக்குக்குள்ளும் போனது. 1796 இல் அமெரிக்காவில் அச்சான அமெலியா சிம்மன்ஸின் சமையல் நூலில், மாவை உப்பவைக்க முத்துச் சாம்பல் சேர்க்கும் குறிப்புகள் இருக்கின்றன. கேக்கை எழுப்புவதும் கேக் தட்டைக் கழுவுவதும் ஒரே குடும்பத்துப் பொருள்கள்தான். இன்றைய அப்பச்சோடாவும் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை.

ஒரு மருத்துவரின் கதை

ஐரோப்பாவில் மரமும் குறைந்து, ஸ்பெயின் நாட்டுக் கடற்செடிச் சாம்பலுக்கும் விலை ஏறியபோது, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் 1775 இல் ஒரு பரிசை அறிவித்தது. கடல் உப்பிலிருந்து சோடா செய்து காட்டுபவருக்கு 2400 லிவர். ஒர்லியன்ஸ் பிரபுவின் மருத்துவராக இருந்த நிக்கொலா லெபிளாங் அதைச் செய்து காட்டி, 1791 இல் காப்புரிமையும் பெற்றார். உப்பைச் சல்பூரிக் அமிலத்தோடு சேர்த்து, வந்ததைச் சுண்ணாம்புக்கல்லோடும் நிலக்கரியோடும் சுட்டு, கிடைத்த கரிய சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்தால் சோடா.

பிரபுவின் பணத்தில் தொழிற்சாலை எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793 இல் பிரபுவின் தலை போனது. தொழிற்சாலை பறிமுதலானது, முறை பகிரங்கமானது. பரிசும் கைக்கு வரவில்லை. நெப்போலியன் காலத்தில் தொழிற்சாலை திரும்பக் கிடைத்தபோது அதை நடத்தப் பணமில்லை. 1806 இல் லெபிளாங் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அவர் இறந்தாலும் முறை இறக்கவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல், சென்ட் ஹெலன்ஸ், விட்னஸ் பக்கங்களில் சோடாத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் புகைபோக்கிகளிலிருந்து ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறியது. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். சுற்றியிருந்த மரங்கள் பட்டுப்போயின, வயல்கள் கருகின. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கழிவு மலைபோல் குவிந்தது. உலைகளில் வேலை செய்த தொழிலாளர்களின் பற்கள் அரித்துப்போயின. கடைசியில் 1863 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் காரத் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. வெளியேறும் அமில வாயுவில் 95 சதவீதத்தைத் தொழிற்சாலையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது அது. காற்று மாசுக்கு எதிரான ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று, சலவைச் சோடாவின் பெயரால் வந்தது.

பிறகு பெல்ஜியத்தின் ஏர்னஸ்ட் சொல்வே 1861 இல் வேறு வழியைக் கண்டார். உப்பு நீர், அமோனியா, சுண்ணாம்புக்கல் மூன்றும் போதும். பழைய முறையைவிட மலிவு, கழிவும் குறைவு. 1920களின் தொடக்கத்தோடு லெபிளாங்கின் முறை முற்றாக ஓய்ந்தது. அமெரிக்காவில் ஒஸ்ரின் சேர்ச், ஜோன் ட்வைட் என்ற இருவர் 1846 முதல் அப்பச்சோடாவைக் காகிதப் பைகளில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். சாம்பல் இப்படித்தான் வெள்ளைத் தூளாகிக் கடைத் தட்டில் ஏறியது.

இந்த இடத்தில் வீட்டுக்கு உதவும் ஓர் உண்மை. அப்பச்சோடா வலுக்குறைந்த காரம். அதன் கரைசலின் பீ.எச். பெறுமானம் 8 ஐச் சற்றே தாண்டும். சலவைச் சோடா 11 அளவுக்குப் போகும். அதனால் பழைய கறைக்கு அப்பச்சோடா செய்வது பெரும்பாலும் மெதுவான உரசல் வேலை மட்டுமே. ஆனால் அப்பச்சோடாவை ஒரு தட்டில் மெல்லிதாகப் பரப்பி 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணித்தியாலம் ஓவனில் வைத்தால், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறி அது சலவைச் சோடாவாகவே மாறிவிடும். 100 கிராம் வைத்தால் சுமார் 63 கிராம் மிஞ்சும். பரப்பும் தட்டு கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் அடுத்த கதை.

காரத்தில் பிறந்து காரத்துக்குப் பயப்படும் உலோகம்

இன்று நம் வீடுகளிலுள்ள கேக் ட்ரேக்களில் பெரும்பங்கு அலுமினியம். ஒரு காலத்தில் அது அரிய உலோகம். 1884 இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்தது தங்கத்தை அல்ல, சுமார் 2.8 கிலோ அலுமினியத்தை. இரண்டே வருடம் கழித்து, 1886 இல், அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் எரூவும் தனித்தனியே, மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். ஆனால் அதற்குத் தூய அலுமினா வேண்டும். ஒஸ்திரியாவின் கார்ல் பாயர் அதற்கு வழி சொன்னார். பொக்சைட்டு மண்ணைச் சூடான கோஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினா கரைந்து வரும். மற்ற மண் அடியில் தங்கும்.

அதாவது அலுமினியத்தை மண்ணிலிருந்து கரைத்தெடுப்பதே கோஸ்டிக் சோடாதான். அதே கோஸ்டிக் சோடாவை அலுமினிய ட்ரேயில் ஊற்றினால் என்ன நடக்கும்? ட்ரேயைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படை கரையும். பிறகு உலோகமும் கரையும். கூடவே தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு கிளம்பும். கறை போகும்தான், ட்ரேயும் சேர்ந்துதான் போகும். சலவைச் சோடாவும் மெதுவாக இதையே செய்து அலுமினியத்தைக் கறுக்கவைக்கும். உம்மம்மா அலுமினியச் சட்டியிலும் சாம்பல் தொட்டவர்தானே என்று கேட்பீர்கள். தொட்டார், தேய்த்தார், கையோடு கழுவினார். இரவு முழுக்க ஊறவைக்கவில்லை.

அலுமினியம் குசினிக்கு வந்ததும் கறைப் பிரச்சினையும் கூடவே வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வீடு வீடாக அலுமினியப் பாத்திரம் விற்ற எட்வின் கொக்ஸ், சாப்பாடு அடிப்பிடிக்கிறது என்ற முறைப்பாடு தாங்காமல் 1917 இல் உருக்குக் கம்பளியைச் சவர்க்காரத்தில் தோய்த்துக் காயவைத்து இனாமாகக் கொடுத்தார். பாத்திரத்தைவிட அது நன்றாக விலைப்பட்டது. எங்கள் சட்டிகளைக் காப்பாற்றுங்கள் என்ற பொருளில் எஸ்.ஓ.எஸ். என்று பெயர் வைத்தவர் அவருடைய மனைவி. இங்கிலாந்தில் லீவர் சகோதரர்கள் 1904 இலேயே விம் தூளைக் கொண்டுவந்திருந்தார்கள். 1938 இல் ரோய் பிளங்கெற் தற்செயலாகக் கண்ட டெஃப்லோன், 1950களில் பிரான்சில் ஒட்டாத தாச்சியானது. அதன்மேல் உருக்குக் கம்பளி பட்டால் பூச்சே உரிந்துவிடும். ஒவ்வொரு புது உலோகமும் ஒரு புதுச் சட்டத்தோடுதான் வந்தது. கடைக்காரர் உலோகத்தை விற்றார், சட்டத்தைச் சொல்லவில்லை.

நம் குசினிக்குள் வந்த கதை

இந்த நாட்டில் ஓவன் சமையலின் சொற்களைப் பாருங்கள். பாண், போறணை, குசினி, வினாகிரி நான்குமே போர்த்துக்கேயச் சொற்கள். 1505 இல் அவர்கள் கரையிறங்கிய பிறகு வந்து நம் நாவில் தங்கிவிட்டன. ஓவன் இல்லாத வீடுகளில் சட்டிக்குள் கலவையை ஊற்றி, கீழே நெருப்பும் மூடியின்மேல் சிரட்டைத் தணலுமாக வைத்துக் கேக் சுட்டதைப் பெரியவர்கள் சொல்வார்கள். சுட்ட தணல் ஆறினால் அதுவே மறுநாள் சட்டி தேய்க்கும் சாம்பல். சமையலும் துப்புரவும் ஒரே அடுப்பில் சுற்றிச் சுற்றி வந்தன.

எரிவாயு அடுப்பு வந்தது. புகை போனது, பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லதாயிற்று. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுப்போடு சாம்பலும் போனது. சாம்பலோடு அதைப் பற்றிய பேச்சும் போனது. 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த பலர் மீண்டும் விறகு மூட்டினார்கள். சாம்பல் குசினிக்குத் திரும்பி வந்தது. பல இளம் பிள்ளைகளுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை. அள்ளி வெளியே கொட்டினார்கள்.

நுரையைக் கண்டு ஏமாறவேண்டாம்

அப்பச்சோடா காரம். வினாகிரி அமிலம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் ஒன்றை மற்றது தீர்த்துவிடும். மிஞ்சுவது நீரும், சோடியம் அசற்றேற்று என்ற உப்பும், பறந்துபோகும் காபனீரொட்சைட்டும். பொங்கும் நுரை உதிரித் துகள்களைக் கொஞ்சம் அசைக்கலாம். இறுகிய எண்ணெய்ப் படையை ஒன்றும் செய்யாது. இரண்டு வேலையாட்களை ஒருவரோடொருவர் சண்டைபிடிக்க விட்டுவிட்டு, வேலை முடிந்ததா என்று கேட்பது போன்றது இது.

இதைவிடப் பாரதூரமானது, பிளீச் திரவத்தோடு வினாகிரியையோ தேசிக்காயையோ கலப்பது. அதிலிருந்து குளோரீன் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜேர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். மூடிய குசினிக்குள் அதற்கு இடம் கொடுக்கவேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது?

கண்ணாடி, எனாமல், எவர்சில்வர் பாத்திரம்: ஒரு லீற்றர் சுடுநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சில மணித்தியாலம், கறை மிகப் பழையதானால் ஓர் இரவு ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தும்பால் தேயுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். அந்த வலையைக் கட்டப் பல பெருநாள் எடுத்தது. அவிழ்க்க இரண்டு நாள் கொடுப்பதில் தப்பில்லை.

அலுமினிய ட்ரே: முதலில் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் ஊறவையுங்கள். கருகிய சீனி அதிலேயே இளகும். பிறகு அப்பச்சோடாவை நீரில் குழைத்துப் பூசி, கால் மணித்தியாலத்தில் தும்பால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். உலோகம் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் அங்கேதான் புளியின் வேலை வருகிறது. கழுவிய பிறகு, தனியாக, தேசிக்காய்ச் சாறோ பழப்புளிக் கரைசலோ விட்டுச் சில நிமிடம் கொதிக்கவைத்தால் வெளுக்கும். முதலில் காரம், கழுவல், பிறகு புளி. இந்த வரிசைதான் அறிவு.

தகரம் பூசிய பழைய ட்ரே: புளியில் ஊறப்போடாதீர்கள். பூச்சுக் கரைந்து துருப்பிடிக்கும். ஒட்டாத பூச்சுள்ள ட்ரே: மென்மையான பஞ்சும் சவர்க்காரமும் மட்டும்.

பேக்கரிக்காரரின் கறுத்த பாண் அச்சு, வார்ப்பிரும்புத் தாச்சி: தொடவே வேண்டாம். அங்கே அந்த எண்ணெய் வார்னிஷ் கறையல்ல, வேண்டுமென்றே பழக்கி எடுத்த பூச்சு. மா ஒட்டாமல் காப்பதும், சூட்டை நன்றாக வாங்கிப் பாணின் ஓட்டைச் சிவக்கவைப்பதும் அதுதான். ஒரே படை ஓரிடத்தில் கறை, இன்னோரிடத்தில் முதுசம்.

கோஸ்டிக் சோடா: குசினிக்குள் வேண்டாம். தப்பித் தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் வினாகிரி ஊற்றாதீர்கள். ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் அதைச் சோடாப் போத்தலுக்குள் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

இந்தப் பதிவிலுள்ள லெபிளாங்கின் கதையும் சொல்வேயின் கதையும் நூல்களில் இருக்கின்றன, அழியப்போவதில்லை. ஆனால் எந்த மரத்துச் சாம்பல் நல்லது, சாம்பலை அரித்து எடுத்தார்களா, அப்படியே தொட்டார்களா, கொறுக்காயை எத்தனை நேரம் ஊறவிட்டார்கள், சஹனையும் வட்டாவையும் பெருநாளுக்கு முன் எப்படித் துலக்கினார்கள் என்பதெல்லாம் நம் மூத்தம்மாமாரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதிவைத்தவர் குறைவு. பாடசாலைப் பிள்ளைகளே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவரின் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். எழுதிக் கொண்டுவரும் கொப்பிகளை வகுப்பில் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து நூலகத்தில் வைப்போம்.